ஏற்காட்டில் நிதி திரட்டும் நடைக்கு ஹாம் ரேடியோ: ஏற்பாடு செய்வது எப்படி

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வயர்லெஸ், அதை இயக்குபவரை ஹாம் என்போம். சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு நல்ல காரியத்துக்காக நடை ஏற்பாடு செய்கிறவர்கள், "நீங்க ஹாம் ரேடியோ வெச்சிருக்கீங்களாமே, அன்னிக்கு வந்து வயர்லெஸ் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மதியம் 12 மணிக்குக் கடைசியாக நடந்து வருகிறவர் எங்கே இருப்பார், அது உங்களுக்கு எப்படித் தெரியும்? "வாலண்டியர் போன் பண்ணுவாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். ஊருக்குள் ஏரிக்கரையிலும் ஒண்டிக்கடைச் சந்திப்பிலும் போன் எடுக்கும், சரி. காப்பித் தோட்டத்துக்குள் சாலை இரண்டு தடவை திரும்பி இறங்கிய பிறகு பல இடங்களில் எடுக்காது, எடுக்கிற இடத்திலும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் முழுக்க வண்டியும் ஆளுமாக இருக்கும்போது கால் போய்ச் சேருவது நிச்சயமில்லை. நாம் போவது அந்த ஓட்டையை அடைக்க. பேசுவதற்கு ஆசையாக ஹேண்டியை, அதாவது கையடக்க ரேடியோவை, எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய பேர் உண்டு, ஆனால் நடக்கிற ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று ஏற்பாட்டாளருக்கு எந்த நிமிடமும் சொல்ல முடிந்தால்தான் நாம் போனதற்குப் பயன். கீழே எழுதியிருப்பதை அந்த நோக்கத்தோடு படியுங்கள்.

உரிமம், அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்க முடியாது. ரேடியோவில் பேச பி.டி.டி. பொத்தானை அழுத்துகிற ஒவ்வொருவரிடமும் மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி. கொடுத்த அமெச்சூர் உரிமம் இருக்க வேண்டும், அதோடு வரும் கால் சைன், அதாவது அழைப்புக் குறி, வி.யு.2 என்று தொடங்கினாலும் சரி, வி.யு.3 என்று தொடங்கினாலும் சரி. ஆன்லைனில் வாங்கிய சீன ஹேண்டியைக் கையில் வைத்திருக்கும் ஆர்வமுள்ள தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உரிமம் இல்லையென்றால் அவருக்கு நம் அலைவரிசையில் இடமில்லை. அவரை விரட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்து லாக், அதாவது பேச்சுப் பதிவு, எழுதச் சொல்லுங்கள், அடுத்த வருடம் தேர்வு எழுதிவிட்டு வருவார். பார்க்கிங் பார்க்கிறவர்கள், தண்ணீர் கொடுக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ரேடியோ வேண்டும் என்றால் 446 மெகாஹெர்ட்ஸில் உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கி டாக்கிகள் இருக்கின்றன, அதை வாங்கச் சொல்லுங்கள், சில நூறு மீட்டருக்குப் போதும்.

நாம் காசு வாங்கக் கூடாது. காலை டிபனும் டீயும் கொடுத்தால் சாப்பிடலாம். வியாபாரப் பேச்சு கூடாது, ரகசியச் சங்கேதமும் கூடாது. மூன்றாம் மனிதருக்காகச் செய்தி கொண்டுபோவதில் நம் நாட்டு விதிகள் இறுக்கமானவை, அதனால் நடை நாளில் நம் பேச்சை நடப்பவர்களின் பாதுகாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் பேனர் வந்துவிட்டதா, டி-ஷர்ட் எத்தனை மிச்சம் என்பதெல்லாம் அவர்கள் போனில் பேசிக்கொள்ளட்டும். வீட்டு முகவரிக்கு வெளியே நிலையம் வைத்து இயக்குவதைப் பற்றி உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் டபிள்யூ.பி.சி.க்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உரிமத்தின் நகல் அன்றைக்கு எல்லோர் பையிலும் இருக்கட்டும். நடைக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது ஏற்பாட்டாளர் வேலை, ஆனால் அந்தக் கடிதத்திலேயே "உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோ இயக்குபவர்கள் தொடர்புப் பணியில் இருப்பார்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மலை வளைவில் கம்பத்தை நட்டுக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசுகிற ஆளைப் பார்த்தால் ரோந்து வருகிற காவலர் கேட்கத்தான் செய்வார், அப்போது அந்த ஒரு வரி உதவும். எஸ்டேட் நிலம் என்றால் மேனேஜரிடமும், காட்டு ஓரம் என்றால் வனத்துறையிடமும், கோயில் பக்கம் என்றால் கோயில்காரர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள். கேட் காவலரிடம் "அண்ணா, காலையிலிருந்து மதியம் வரைக்கும் இந்தச் சவுக்கு மரத்துல ஒரு ஒயர் கட்டிக்கிறோம், போகும்போது அவுத்துடுவோம்" என்று நேரில் சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு எந்தச் சிக்கலும் வராது.

பாதையை நடந்து பாருங்கள்

முழு வேலையிலும் பாதிக்கு மேல் இதுதான். நடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது, அன்றைக்குப் பயன்படுத்தப் போகிற அதே ஹேண்டி, அதே ஆன்டெனாவோடு பாதை முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் பிரயோசனமில்லை, சுற்றிலும் தகரம். ஒருவர் நெட் கண்ட்ரோல், அதாவது நம் எல்லா நிலையங்களும் சேர்ந்த நெட்டை நடத்தும் மைய நிலையம், வைக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் நிற்கட்டும், மற்றவர் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவையும் ஒவ்வொரு திருப்பத்திலும் கூப்பிட்டு, தெளிவு, இரைச்சல், இல்லை என்று மூன்றில் ஒன்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போகட்டும். இரண்டு பக்கமும் குறிக்க வேண்டும். அவர் பேசுவது உங்களுக்குக் கேட்டதும் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்டதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் 25 வாட் ரிக்கும் (மேசையிலோ காரிலோ வைக்கும் பெரிய ரேடியோ) மறுபக்கம் 5 வாட் ஹேண்டியும் இருந்தால் நிச்சயமாக ஒன்றாக இருக்காது.

நாம் பயன்படுத்தும் 2 மீட்டர் பட்டை, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குத்தான் போகும். நடுவில் ஒரு மேடு வந்தால் முடிந்தது. சேர்வராயன் மலையின் மேல்தளம் தூரத்திலிருந்து மேசை மாதிரி தெரிந்தாலும் உள்ளே வந்தால் மேடும் பள்ளமுமாகத்தான் கிடக்கிறது, ஏரியே ஒரு பள்ளத்தில்தான் இருக்கிறது. மேடை, மைக், வரவேற்பு எல்லாம் ஏரிக்கரையில் என்பதால் நெட் கண்ட்ரோலையும் அங்கேயே வைக்கச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே சிக்னலும் மோசம், ஸ்பீக்கர் சத்தத்தில் காதும் கேட்காது.

மலையின் உச்சி சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு, சுமார் 1,620 மீட்டர், ஊரைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரம். நடைப்பாதை நாகலூர், மஞ்சக்குட்டை என்று மேல்தளத்துக் கிராமங்களைச் சுற்றி வருவதாக இருந்தால், நெட் கண்ட்ரோலுக்கு இல்லாவிட்டாலும் பேச்சை வாங்கி மறுபடி சொல்லும் ரிலே நிலையத்துக்கு நான் முதலில் சோதித்துப் பார்க்கிற இடம் அதுதான். லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கத்து விளிம்பு வேறு மாதிரியான இடம், அங்கிருந்து கீழே மலைப்பாதையும் சேலம் ஊரும் தெரியும், ஆகவே சேலத்தில் இருக்கிற ஒரு ஹாமோடு பேச வேண்டும் என்றால் அந்த விளிம்பு நல்லது, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கிராமங்கள் அங்கே கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளியூர் அருவிப் பக்கம் பாதை இறங்கினால் பள்ளத்துக்குள் போனதும் தொடர்பு அறுந்துவிடும், இறக்கம் தொடங்கும் இடத்திலேயே ஒருவரை நிறுத்தி, கீழே இருப்பவர் பேசுவதை அவர் வாங்கி மேலே சொல்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடிவாரத்திலிருந்து ஏறும் நடை என்றால் நிறைய பேர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் சேலத்தைப் பார்த்த சரிவில் இருக்கின்றன. மேலே ஊருக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தச் சரிவு மலை விளிம்புக்கு மறுபக்கம், கேட்காது. கீழே கோரிமேட்டிலோ கன்னங்குறிச்சியிலோ ஒரு மொட்டை மாடியில் நல்ல ஆன்டெனாவோடு உட்கார்ந்திருப்பவருக்கு வளைவுகளில் பல நேராகவே கேட்கும். அப்படிப்பட்ட நடைக்கு நெட் கண்ட்ரோலைச் சேலத்தில் வைத்துவிட்டு, 40 அடிப் பாலம், 60 அடிப் பாலம் மாதிரி சரிவின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இடங்களுக்கு மட்டும் ஆள் போட்டால் போதும். குப்பனூர் வழி தனிக் கதை, கொட்டச்சேடு பக்கம் சரிவு வேறு திசையைப் பார்க்கிறது, அதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில்வர் ஓக் நிழலில் காப்பி, அதில் படர்ந்த மிளகு என்று தோட்டம் மூன்றடுக்காக இருக்கும். இந்த இலைகள் 70 சென்டிமீட்டர் பட்டையை, அதாவது 434 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை, 2 மீட்டரைவிட அதிகமாக விழுங்கும். மழையில் நனைந்த இலை இன்னும் கூடுதலாக. அதனால் தோட்டத்துக்குள் 2 மீட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம் வந்தால் சிலர் ரேடியோ போகாதோ என்று பயப்படுவார்கள், மூட்டம் இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது.

சோதனையின்போது ஓர் இடத்தில் கேட்கவில்லை என்றால் உடனே "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். பாறையிலும் சரிவிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும் இடங்கள் உண்டு, 2 மீட்டரில் அரை மீட்டர் நகர்ந்தாலே சில சமயம் கணீரென்று வரும். அந்த இடத்தில் சாலையோரக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டால் அன்றைக்கு அங்கே நிற்பவர் தேட வேண்டாம்.

ரிப்பீட்டர், அதாவது நம் சிக்னலை வாங்கித் தானாக மறுபடி அனுப்பும் நிலையம், எட்டினால் பயன்படுத்துங்கள், ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி வரைபடம் போடாதீர்கள். கரண்ட் போகலாம், வேறு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். ரிப்பீட்டர் இல்லாமல் ரேடியோவுக்கு ரேடியோ நேராக, அதாவது சிம்ப்ளெக்ஸில், முழுப் பாதையும் மூட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ரிப்பீட்டர் கூடுதல் வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டெனாவும் பேட்டரியும்

ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை மாற்றாமல் சக்தியைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. பாதையில் இருக்கும் ஒவ்வொரு தண்ணீர்ச் சாவடிக்கும் ஒரு ரிப்பன் ஆன்டெனா செய்துவிடுங்கள். பழைய டிவிக்கு வந்த 300 ஓம் தட்டை ஒயர் ஒன்றரை மீட்டர் இருந்தால் ஸ்லிம் ஜிம் என்ற வகை ஆன்டெனா ஒன்று செய்துவிடலாம், சுருட்டினால் சட்டைப் பையில் போகும், நைலான் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி மரக்கிளைக்கு மேல் எறிந்து மேலே இழுத்தால் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் நிற்கும். அந்த உயரம் தருகிற லாபத்தை எந்த ஆம்ப்ளிஃபயரும் தராது. நெட் கண்ட்ரோலுக்கு ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா போதும்: நேராக ஒரு கம்பி, கீழே 45 டிகிரி சாய்ந்த நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 49 சென்டிமீட்டர், ஒரு சாக்கெட், ஒரு மூங்கில். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை நீளமாக ஓட்டாதீர்கள். ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் சுமார் 2 டெசிபெல் போகும், அதாவது நீங்கள் அனுப்புகிற சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேபிளிலேயே சூடாகிப் போய்விடுகிறது.

நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு ரிப்பன் கட்ட முடியாது. அவர்கள் ஆன்டெனா பொருந்துகிற இடத்தின் வெளிப்புற உலோகத்தில் 49 சென்டிமீட்டர் ஒயரைச் சேர்த்துத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். இடுப்பில் செருகியபடி ஸ்பீக்கர் மைக்கில் பேசினால் உடம்பே பாதி சிக்னலைத் தின்றுவிடும், பேசும்போதாவது கையில் எடுத்து செங்குத்தாகப் பிடியுங்கள்.

பேட்டரி கணக்கு போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். 25 வாட் ரிக் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்பியர் அளவில். நெட் கண்ட்ரோல் கால்வாசி நேரம் பேசுகிறார் என்று வைத்தால் சராசரி கிட்டத்தட்ட 2 ஆம்பியர், யு.பி.எஸ்.ஸில் இருக்கிற 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலை 6 மணிக்கு ஆரம்பித்து 1 மணி வரை போகிற நடைக்கு அது போதாது. கார் பேட்டரி கொண்டுவாருங்கள். ஹேண்டிக்கு ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரி, முதல் நாள் ராத்திரி முழுசாக சார்ஜ் போட்டது.

ஹேண்டி எல்லாவற்றிலும் ஒரே சேனல் வரிசையை முன்பே ஏற்றிவிடுங்கள், சேனல் 1 என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாக்ஸ் (குரல் கேட்டதும் தானாக அனுப்பத் தொடங்குவது) ஆஃப், டூயல் வாட்ச் (இரண்டு சேனலை மாறி மாறிக் கேட்பது) ஆஃப், பேசி முடிந்ததும் வருகிற பீப் ஆஃப், கீபேட் லாக் ஆன். டூயல் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு சேனலில் யாரோ பேச, நம் ஹேண்டி அங்கே போய் நிற்க, நமக்கு வந்த அழைப்பு காதில் விழாமலே போகும். பொத்தான் அழுந்தியே இருந்தால் அனுப்புவதை நிறுத்திவிடும் டைம் அவுட்டை ஒரு நிமிடத்தில் வையுங்கள், யாராவது பி.டி.டி. மேல் உட்கார்ந்துவிட்டால் முழு நெட்டும் ஊமையாகிவிடும்.

ஆட்களும் இடங்களும்

நெட் கண்ட்ரோலில் இரண்டு பேர் கட்டாயம், ஒருவர் பேச, ஒருவர் எழுத. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிட ஆள் இருந்தால் நல்லது, காது களைத்துப்போனால் எண்கள் தப்பாக விழும். தலைமை ஏற்பாட்டாளரோடு நிழல் மாதிரி ஒரு ஹாம் போகட்டும், நெட் கண்ட்ரோல் கேட்கிற கேள்விக்குப் பத்து விநாடியில் பதில் வர வேண்டும் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் தேடக் கூடாது. மருத்துவக் குழுவோடு ஒருவர். ஒவ்வொரு தண்ணீர்ச் சாவடியிலும் ஒருவர். கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் ஒருவர், கூடவே ஒரு வண்டி. ஆள் போதவில்லை என்றால் சாவடிகளைக் குறைக்கச் சொல்லுங்கள், பின்னால் போகிற ஆளைக் குறைக்காதீர்கள்.

அனுபவமுள்ள ஹாமை நெட் கண்ட்ரோலில் உட்கார வைப்பதுதான் வழக்கம். நான் இன்னொன்றும் சொல்வேன்: அவ்வளவாகப் பேசாத, பொறுமையான, கையெழுத்து நன்றாக இருக்கிற ஆளைப் பாருங்கள். நெட்டை நடத்துவது பெரும்பாலும் கேட்பதுதான். புதிதாக உரிமம் வாங்கிய மாணவர்களை ஆள் நடமாட்டம் உள்ள சாவடியில், பெரியவர் ஒருவரோடு ஜோடியாகப் போடுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது அந்தமானில் ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் அங்கிருந்தே மற்ற ஊர்களுக்குச் செய்தி கொண்டுபோனது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்களால் அன்றைக்கு அதைச் செய்ய முடிந்தது, கருவியும் பழக்கமும் கையில் இருந்ததால். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதையும் பார்த்தோம். இளம் ஹாம்களுக்கு அந்தப் பழக்கம் வர இந்த நடையைவிட நல்ல வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது, அதனால் அவர்களைத் தண்ணீர் பாட்டில் தூக்க மட்டும் அழைத்துவராதீர்கள்.

எப்படிப் பேசுவது

இடத்தின் பெயரால் கூப்பிடுங்கள்: "கோயில் சாவடி", "நாகலூர்", "கடைசி ஆள்", "கண்ட்ரோல்". அந்த இடத்தில் ஆள் மாறினாலும் பெயர் மாறாது, கேட்பவருக்கு யார் எங்கே என்று குழப்பம் வராது. ஆனால் இடப்பெயர் உங்கள் கால் சைனுக்கு மாற்றில்லை. பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், நீண்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் கால் சைனைச் சொல்லிவிடுங்கள்.

பி.டி.டி.யை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசத் தொடங்குங்கள், இல்லையென்றால் முதல் சொல் அறுந்துவிடும், அந்த முதல் சொல் பெரும்பாலும் நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதாக இருக்கும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இருநூற்றுப் பதினேழு வேண்டாம், "இரண்டு ஒன்று ஏழு". சாதாரணச் செய்தி இப்படி இருந்தால் போதும்:

"கண்ட்ரோல், நாகலூர்."

"நாகலூர், சொல்லுங்க."

"எண் இரண்டு ஒன்று ஏழு நடையை நிறுத்திக்கிறார். கணுக்கால் பிசகு. நல்லா பேசுறார். வண்டி வேணும், அவசரம் இல்லை. ஓவர்."

"இரண்டு ஒன்று ஏழு, கணுக்கால், வண்டி வேணும், அவசரம் இல்லை. நேரம் 9:40. அனுப்புறோம். கண்ட்ரோல்."

திருப்பிச் சொல்வதில்தான் தவறு பிடிபடும், அதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடக் கூடாது. பெயர் சொல்லாதீர்கள். நம் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நெஞ்சுவலி என்று ஒருவரின் பெயரோடு நீங்கள் சொன்னது அவர் வீட்டுக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். மார்பில் குத்திய எண் போதும். குழந்தை காணவில்லை என்றால் இன்னும் கவனம்: எண், உடையின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், அவ்வளவுதான் காற்றில் போக வேண்டும். குழந்தை கிடைத்துவிட்டால் பெற்றவர் தங்கள் எண்ணைக் காட்டி வந்து வாங்கிக்கொள்ளும் வரை அந்தச் சாவடியிலேயே ஒரு பெண் தன்னார்வலரோடு இருக்கட்டும்.

அவசரம் வந்தால்

"எமர்ஜென்சி" என்று ஒருவர் சொன்ன அந்த விநாடியிலிருந்து மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, நெட் கண்ட்ரோல் விடும் வரை. முதலில் இடம், ஏனென்றால் அதற்கப்புறம் தொடர்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். அப்புறம் எண், ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, என்ன வேண்டும். நோய் என்ன என்று நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கண்ணில் தெரிவதைச் சொன்னால் மருத்துவக் குழு முடிவெடுக்கும். சொன்னவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது, வேறு ஒருவர் சாலைக்குப் போய் வண்டிக்கு வழி காட்டட்டும்.

108-க்கு யார் போன் செய்வது என்பதை முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள், நன்றாகப் போன் எடுக்கும் இடத்தில் இருப்பவர் ஒருவர் மட்டும். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போன் செய்தால் ஆம்புலன்ஸுக்கு மூன்று இடம் போகும். ஏற்காடு அரசு மருத்துவமனை பக்கத்தில், பெரிய சிகிச்சை என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு இறங்க வேண்டும், அதற்கு மலைப்பாதையில் நேரம் பிடிக்கும். ஆகவே பாதையின் எந்தப் பகுதியில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியும், எங்கே முடியாது என்று நடந்து பார்த்த அன்றே குறித்திருக்க வேண்டும். கோடை விழா நாட்களில் ஒரு வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றுவதும் உண்டு, தேதி அதோடு மோதினால் போலீஸிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுமாடு சாலையில் நின்றால் அதுவும் அவசரம்தான். அந்தச் சாவடி உடனே நடப்பவர்களை நிறுத்திவிட்டுக் கண்ட்ரோலுக்குச் சொல்லட்டும், முந்தைய சாவடியும் நிறுத்தட்டும். அது தானாகப் போகும் வரை காத்திருப்பதுதான் வழி.

தலை எண்ணிக்கை

பதிவு செய்தவர்கள் எத்தனை என்பது நமக்குத் தேவையில்லை. கோட்டைத் தாண்டி நடக்கத் தொடங்கியவர்கள் எத்தனை, அதை முதலில் வாங்குங்கள். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு: முடித்தவர்கள், நடுவில் நின்றவர்கள், பாதையில் இருப்பவர்கள், மூன்றையும் கூட்டினால் தொடங்கியவர்கள் எண்ணிக்கை வர வேண்டும். வராது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருவர் சொந்தக்காரர் காரில் ஏறி, யாரிடமும் சொல்லாமல் சேலம் இறங்கிப் போயிருப்பார். அவரைத் தேடி ஆறு பேர் தோட்டத்துக்குள் போவார்கள், அவர் வீட்டில் குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதைத் தடுக்க, தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது: நடுவில் கிளம்புகிறவர் எந்தச் சாவடியிலாவது எண் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டின் கீழ்ப்பகுதியைக் கிழிக்கும்படி அச்சடித்தால் இன்னும் எளிது. பதிவில் இருக்கும் போன் எண்கள் ஏற்பாட்டாளரோடு இருக்கிற ஹாமிடம் ஒரு பிரதி இருக்கட்டும், கணக்கில் வராத ஆளுக்கு முதலில் போன் போட்டுப் பார்க்கலாம்.

சாவடியைக் கலைப்பது கடைசி ஆள் அங்கே வந்து, பின்னால் யாரும் இல்லை என்று சொல்லி, கண்ட்ரோலும் சரி என்று சொன்ன பிறகுதான். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது, மேசையைத் தூக்க வண்டி வந்துவிட்டது என்று பல காரணம் வரும். தன்னார்வலர்கள் போகட்டும், ஹாம் அங்கேயே இருக்க வேண்டும். கடைசியில் வருகிறவர்கள்தான் வயதானவர்கள், முதல் தடவை நடக்கிறவர்கள், கால் கொப்புளித்தவர்கள். அவர்கள் வருகிற நேரத்தில் சாவடி காலியாகக் கிடந்தால் நாம் காலையிலிருந்து செய்ததெல்லாம் வேகமாக நடந்தவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மலையில் இடி இறங்கும். இடிச் சத்தம் காதில் விழுந்ததுமே உச்சியில் இருக்கும் ஆன்டெனாவை இறக்கி, கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி, ஆளும் வண்டிக்குள் போய்விட வேண்டும். அந்த ரிலே இல்லாமல் எந்தெந்தச் சாவடி யார் வழியாகப் பேசும் என்று ஒரு மாற்று வரைபடம் எல்லோர் கையிலும் இருந்தால் நெட் அறுகாது.

நெட்டை மூடிய பிறகு

எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆனாலும் கலைவதற்கு முன் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த இடத்தில் கேட்கவில்லை, எந்தச் செய்தி இரண்டு தடவை போனது, யாருடைய பேட்டரி எத்தனை மணிக்குச் செத்தது என்று அப்போதே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுதப்படாது. மரத்தில் கட்டிய கயிறெல்லாம் அவிழ்த்தாயிற்றா என்று பாருங்கள், எஸ்டேட்காரர்கள் அடுத்த தடவை இடம் கொடுப்பது அதைப் பொறுத்தது. லாக்கின் ஒரு பிரதியை ஏற்பாட்டாளருக்குக் கொடுத்துவிடுங்கள், மூலம் உங்களிடம். சிக்னல் குறித்த வரைபடத்தைச் சுத்தமாக வரைந்து, தேதியும் பயன்படுத்திய ஆன்டெனாவும் எழுதி, சேலத்தில் இருக்கிற மற்ற ஹாம்களுக்கும் அனுப்பிவையுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை அதே பாதையில் போய்ச் சரிபார்த்தால் ஈர இலைக்கும் கணக்கு கிடைத்துவிடும்.